மேகாங் கரையோரம் செய்தித்தாள் படித்த பயணம்

திங்கள் இரவு, பாங்காக்

வியஞ்சான் போகும் இரவு வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குருங் தேப் அபிவாட் நிலையத்தின் பெரிய கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சீனா தன் அண்டை நாடுகளோடு எப்படிப் பழகுகிறது என்பதைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் டெல்லி, லண்டன், வாஷிங்டன் வழியாக வரும் செய்திதான். அந்த உறவின் மேலேயே ஏறி உட்கார்ந்து போக ஒரு ரயில் இருக்கிறது. சீனாவின் குன்மிங்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியஞ்சான் வரை 1,035 கிலோமீட்டர். 2021 டிசம்பர் 3 அன்று ஷி ஜின்பிங்கும் லாவோஸ் அதிபர் தோங்லுன் சிசுலித்தும் காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார்கள். அதில் போய்க்கொண்டே, வழியில் உள்ளவர்கள் என்ன எழுதுகிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இந்தப் பயணம். முடிந்தவரை அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன்.

பாங்காக்கில் ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. இந்த நிலையத்துக்குப் பக்கத்தில், சதுசக் பகுதியில்தான் 2025 மார்ச் 28 அன்று மியன்மார் நிலநடுக்கத்தின் அதிர்வில், கட்டுமானத்தில் இருந்த தணிக்கைத் துறைக் கட்டடம் சரிந்து விழுந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஏற்பட்ட நடுக்கத்துக்கு பாங்காக்கின் மற்ற உயரக் கட்டடங்கள் எல்லாம் ஆடிவிட்டு நின்றன. இது மட்டும் தரைமட்டமானது. கட்டியது ஒரு தாய்லாந்து நிறுவனமும் சீன அரசு நிறுவனத்தின் கிளை ஒன்றும் சேர்ந்த கூட்டு. கம்பியின் தரம், நிறுவனப் பங்குகளில் யார் பெயருக்குப் பின்னால் யார் என்று தாய்லாந்து ஊடகங்கள் வாரக்கணக்கில் தோண்டின. அதற்கு ஒரு மாதம் முன்புதான் சீனாவின் சிறுபான்மை முஸ்லிம் இனமான உய்குர் கைதிகள் நாற்பது பேரைத் தாய்லாந்து சீனாவுக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. அதற்கும் முன்பு, ஜனவரியில், பாங்காக் வந்திறங்கிய ஒரு சீன நடிகர் மியன்மார் எல்லையில் இருக்கும் இணைய மோசடிக் கூடத்துக்குக் கடத்தப்பட்டார். சீனச் சுற்றுலாப் பயணிகள் தாய்லாந்து என்றாலே பயந்தார்கள். இங்குள்ள வியாபாரிகள் சீனர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று பயந்தார்கள்.

தாய்லாந்துச் செய்தித்தாளில் சீனா என்றால் இந்த இரண்டு பயமும் ஒரே பக்கத்தில் இருக்கும். மலிவுச் சாமான் வந்து குவிகிறது, உள்ளூர்த் தொழிற்சாலை மூடுகிறது என்று ஒரு செய்தி. துரியன் ஏற்றுமதி எவ்வளவு, சீனச் சுங்கச் சாவடியில் எத்தனை லாரி நிற்கிறது என்று அடுத்த செய்தி. துரியன் தோட்டக்காரருக்கு சீனா வாங்காவிட்டால் வாழ்வில்லை. நூல் ஆலைக்காரருக்கு சீனா விற்றால் வாழ்வில்லை. இருவரும் ஒரே பத்திரிகையைத்தான் வாங்குகிறார்கள்.

ரயில் விஷயத்தில் இங்கே வேறொரு வருத்தமும் உண்டு. பாங்காக்கிலிருந்து நக்கோன் ராட்சசிமா வரை 253 கிலோமீட்டர் அதிவேகப் பாதைக்கு 2017 டிசம்பரில் வேலை தொடங்கியது. சீனத் தொழில்நுட்பம், ஆனால் தாய்லாந்தின் சொந்தப் பணம். சீனக் கடனின் நிபந்தனைகள் வேண்டாம் என்று பேரம் பேசிப் பேசி எடுத்த முடிவு. லாவோஸில் வண்டி ஓடத் தொடங்கியபோது இங்கே வேலை பாதிகூட முடியவில்லை. ஏழை நாடு முந்திவிட்டதே என்ற ஆற்றாமை அப்போதைய தாய்லாந்துத் தலையங்கங்களில் தெரிந்தது. என் கருத்தில் தாய்லாந்து பொறுமையாகப் பேரம் பேசியது நல்லதுதான்.

செவ்வாய், நோங்காய் – வியஞ்சான்

காலையில் நோங்காயில் எல்லோரும் பெட்டியோடு இறங்கி, தாய்லாந்து முத்திரை வாங்கி, மறுபடி ஏறினோம். 1994இல் ஆஸ்திரேலியப் பணத்தில் கட்டிய நட்புப் பாலம் இது. தண்டவாளம் சாலையின் நடுவிலேயே பதிந்திருக்கிறது. ரயில் வரும்போது இருபுறமும் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். வண்டி நடக்கிற வேகத்தில் மேகாங்கைத் தாண்டுகிறது. ஆறு காபி நிறத்தில் பரந்து கிடந்தது.

பாங்காக்கிலிருந்து நேராக வியஞ்சான் வரை இந்த வண்டி வருவது 2024 ஜூலையில்தான் தொடங்கியது. இறங்கும் கம்சவாட் நிலையத்துக்கும் சீன ரயிலின் வியஞ்சான் நிலையத்துக்கும் நடுவே ஊர் இருக்கிறது. வேன் பிடித்துத்தான் போக வேண்டும். தண்டவாளங்களும் ஒட்டாது: தாய்லாந்துப் பாதை ஒரு மீட்டர் அகலம், சீனப் பாதை 1,435 மில்லிமீட்டர். சரக்குப் பெட்டகங்களை ஒரு வண்டியிலிருந்து தூக்கி இன்னொன்றில் வைக்க, தானலேங் பக்கம் 2022இல் இணைப்பு முற்றம் போட்டார்கள். குன்மிங்கிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரே ரயில் என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் கட்டுரைகளைப் பல வருடமாகப் படிக்கிறேன். அந்தக் கோடு நிற்கிற இடம் இந்த முற்றம்.

புதன், வியஞ்சான்

காலையில் பாட்டுசாய் வளைவுக்கு நடந்தேன். விமான ஓடுதளம் போட அமெரிக்கா கொடுத்த சிமென்டில் 1960களில் எழுந்த வெற்றி வளைவு. பார்த்தால் பாரிஸ் நினைவுக்கு வரும்; பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து மாண்டவர்களுக்கான சின்னம் அது. அதன் முன்னால் இருக்கும் இசை நீரூற்று சீனா கொடுத்தது. சாலையில் போகிற பச்சைப் பேருந்துகளின் பக்கவாட்டில் ஜப்பான் கொடி ஒட்டியிருக்கிறது, ஜப்பான் மக்களின் அன்பளிப்பு என்று. ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் மூன்று நாடுகளின் கையெழுத்தைப் பார்த்துவிடலாம். இந்த நாட்டின் மேல் 1964க்கும் 1973க்கும் இடையில் அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. வெடிக்காதவை இன்னமும் நிலத்தில் கிடக்கின்றன. ரயில் பாதை போடும்போதும் முதலில் குண்டு தேடித்தான் மண்ணைத் தொட்டார்கள். லாவோஸ் சீனக் கடனில் மூழ்குகிறது என்று எழுதுகிற மேற்கத்தியச் செய்திகளில் இந்த வரலாறு ஒரு வரியாவது வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேப்பருக்கு வருவோம். வியஞ்சான் டைம்ஸ் ஆங்கில நாளிதழ், அரசுடையது, 1994இலிருந்து வருகிறது. லாவோ மொழியில் கட்சியின் பசாசோன். கேபிஎல் என்பது அரசுச் செய்தி நிறுவனம். அமைச்சர் கை குலுக்கினார், தூதர் பாராட்டினார், ஒப்பந்தம் கையெழுத்தானது. அநேகமாக எல்லாச் செய்தியும் இந்த ஓட்டத்தில்தான் போகும். 2019 ஏப்ரலில் இரு நாட்டுக் கட்சிகளும் ‘பொது எதிர்காலச் சமூகம்’ அமைக்கச் செயல்திட்டம் கையெழுத்திட்டன. அந்தச் சொற்றொடர் அதிலிருந்து ஓயாமல் வருகிறது. சீன வானொலி 2006இலிருந்தே இந்த ஊரில் எப்.எம். அலைவரிசையில் லாவோ மொழியில் பேசுகிறது. விடுதி வரவேற்பறையில் ஓடிய தொலைக்காட்சியோ தாய்லாந்து நாடகம். இரண்டு மொழிகளும் நெருக்கம் என்பதால் லாவோ மக்கள் தாய்லாந்துத் தொலைக்காட்சியைத் தலைமுறையாகப் பார்க்கிறார்கள். சீனாவைப் பற்றிய நல்ல செய்தியை லாவோ அரசிடமிருந்தும், கெட்ட செய்தியை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டு வளர்ந்த ஊர் இது.

மூன்றாவதாக ஒரு குரலும் இருந்தது. ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் லாவோ சேவை. அமெரிக்க அரசின் பணத்தில் நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, அதன் தேர்வுகளில் அந்தச் சார்பு தெரியும். ஆனால் ரயில் பாதைக்கு நிலம் கொடுத்துவிட்டு இழப்பீட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களைத் தொலைபேசியில் பிடித்து, பெயர் சொல்லாமல் பேசவிட்டது அதுதான். 2025இல் அமெரிக்க அரசே நிதியை நிறுத்த, லாவோ சேவையை மூடிவிட்டார்கள். பெய்ஜிங் சொல்லி மூடியிருந்தால் உலகமே எழுதியிருக்கும்.

மாலையில் தாடுவா சாலை வழியாக வந்தேன். 2012 டிசம்பர் 15 அன்று சோம்பாத் சோம்போன் என்ற கிராம வளர்ச்சிப் பணியாளரை இந்தச் சாலையில் ஒரு காவல் சாவடி அருகே நிறுத்தி, வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவு இருக்கிறது. அவர் திரும்பவே இல்லை. இதில் சீனாவுக்குச் சம்பந்தம் கிடையாது. ஆனால் லாவோ மக்கள் சீனாவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வெளியூர்க்காரன் கேட்டால் ஏன் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறார்கள் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

வியாழன், ரயிலில்

வியஞ்சான் நிலையம் வயல் நடுவே அரண்மனை மாதிரி நிற்கிறது. நெற்றியில் தங்க எழுத்தில் லாவோ, கூடவே சீனம். நுழைவில் விமான நிலையச் சோதனை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடமிருந்து கொசு மருந்துத் தெளிப்பானை எடுத்துப் பெட்டியில் போட்டார்கள். ஏற்கெனவே அந்தப் பெட்டி நிறைய வாசனைத் தெளிப்பான்களும் பழக்கத்திகளும் கிடந்தன. குன்மிங்கில் என்ன விதியோ அதே விதி இங்கேயும்.

வண்டிக்குப் பெயர் லான் சாங், பழைய லாவோ அரசின் பெயர். மணிக்கு 160 கிலோமீட்டர். வாங் வியெங் தாண்டியதும் சுரங்கம், பாலம், சுரங்கம். லாவோஸ் பகுதியில் மட்டும் 75 சுரங்கங்கள், 167 பாலங்கள். இரண்டு சுரங்கத்துக்கு நடுவே சில விநாடி ஒரு பள்ளத்தாக்கு கண்ணில் படும், உடனே இருட்டிவிடும். முன்பு மலைச் சாலையில் ஒரு நாள் தின்ற லுவாங் பிரபாங் பயணம் இப்போது இரண்டு மணி நேரம். பெட்டியில் பெரும்பாலும் லாவோ குடும்பங்கள். மடியில் ஒட்டரிசிக் கூடை, குழந்தைகள், வாந்தி இல்லாத பயணம். இந்த ரயிலால் லாவோ மக்களுக்கு ஒன்றுமில்லை என்று எழுதுகிறவர்கள் இதில் ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பேசாமல் இருக்கவும் முடியாது. செலவு ஏறக்குறைய 600 கோடி டாலர். கட்டிய கூட்டு நிறுவனத்தில் சீனத் தரப்புக்கு 70 விழுக்காடு, லாவோஸுக்கு 30. மொத்தத்தில் அறுபது விழுக்காடு சீன எக்சிம் வங்கிக் கடன். தன் பங்கைப் போடவும் லாவோஸ் அதே வங்கியில் 48 கோடி டாலர் வாங்கியது. பெருந்தொற்றுக்குப் பிறகு லாவோ நாணயமான கிப்பின் மதிப்பு பாதிக்கும் கீழே போனது. 2023 பிப்ரவரியில் விலைவாசி உயர்வு 41 விழுக்காட்டைத் தொட்டது. அதற்கு முன்பே, 2021இல், நாட்டின் உயர் அழுத்த மின்தடத்தை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பங்கு சீனத் தென் மின்தொகுப்பு நிறுவனத்துக்குப் போய்விட்டது. 2022இல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, அடுத்தது லாவோஸ்தான் என்று ஆசியப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனாவுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போன 2017இலிருந்து நம் வாசகர்களுக்கும் இந்தக் கதை தெரியும்.

அடுத்ததாக லாவோஸ் விழவில்லை. சீனா வருடா வருடம் தவணைகளைத் தள்ளிவைத்தது. இலங்கைக்குத் தனியார் பத்திரக் கடன்காரர்கள் நிறைய. சந்தை கழுத்தைப் பிடித்தது. லாவோஸின் வெளிக்கடனில் பாதி அளவு சீனாவிடமே இருப்பதால் பேச்சு இரண்டு பேருக்குள் நடக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு. தவணை தள்ளியதற்கு ஈடாக என்ன பேசினார்கள் என்று வியஞ்சான் டைம்ஸ் எழுதாது, சீன அரசுச் செய்தி நிறுவனமான சின்ஹுவாவும் எழுதாது. கடனின் அளவைவிட இந்த மௌனம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. கடனைக் கட்டப்போவது இந்தப் பெட்டியில் ஒட்டரிசி உருட்டும் குழந்தைகள்.

வெள்ளி, லுவாங் பிரபாங்

ஆற்றங்கரைக் கடையில் கைபென் சாப்பிட்டேன். மேகாங் பாசியைப் பறித்து, அலசி, தட்டித் தாள் போலப் பரப்பி, மேலே எள்ளும் பூண்டும் தக்காளித் துண்டும் தூவி வெயிலில் காயவைப்பார்கள். எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டினால் மொறுமொறு என்று வரும். தொட்டுக்கொள்ள எருமைத் தோல் போட்ட மிளகாய் விழுது. பாசி வளர, வறண்ட காலத்தில் நீர் தெளிந்து, மட்டம் நிலையாக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஆறு நினைத்த நேரத்தில் ஏறுகிறது, நினைத்த நேரத்தில் இறங்குகிறது என்று கடைக்கார அம்மா கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். யார் காரணம் என்று கேட்டேன். வடக்கே ஒரு முறை கை காட்டினார், தெற்கே ஒரு முறை காட்டினார்.

இரண்டும் சரி. வடக்கே யுன்னான் மாகாணத்தில் ஆற்றின் முதன்மை ஓட்டத்திலேயே சீனாவுக்குப் பத்துக்கு மேல் அணைகள், சியாவான், நுவொசாது போன்ற ராட்சதங்கள் உட்பட. தெற்கே சயபூரி அணை, 1,285 மெகாவாட், 2019 அக்டோபரில் முழுமையாக ஓடத் தொடங்கியது. கட்டியது தாய்லாந்து நிறுவனம், கடன் கொடுத்தவை தாய்லாந்து வங்கிகள், மின்சாரமும் ஏறக்குறைய முழுக்கத் தாய்லாந்துக்கு. இந்த ஊருக்குச் சற்று மேலே இன்னொரு அணை எழுகிறது. அதிலும் தாய்லாந்து, வியட்நாம் நிறுவனங்களின் பங்கு.

2019 கடைசியில் தாய்லாந்தின் நக்கோன் பனோம் பக்கம் மேகாங் திடீரென்று கடல் போல நீலமாக மாறியது. முதலில் அதை அழகான காட்சி என்று படம் போட்டார்கள். மக்கள் படம் எடுக்கப் போனார்கள். வண்டல் முழுக்க அணைகளில் தங்கிவிட்டதால் வந்த நிறம் அது, ஆறு பட்டினி கிடக்கிறது என்று விஞ்ஞானிகள் சொன்ன பிறகுதான் செய்தியின் தொனி மாறியது. 2020 ஏப்ரலில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது: 2019இல் மேலே சீனப் பகுதியில் நீர்வரத்து குறைவில்லை, கீழே மட்டும் வறட்சி என்று செயற்கைக்கோள் தரவை வைத்துச் சொன்னது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவு பெற்ற ஆய்வு. சீன ஊடகம் உடனே மறுத்தது. மழைக்காலத்தில் தேக்கி வறட்சியில் திறப்பதால் அணைகள் கீழ்நாடுகளுக்கு நன்மையே என்றது. தாய்லாந்து, வியட்நாம் ஊடகங்கள் அமெரிக்க ஆய்வைப் பெரிதாக எடுத்துக்கொண்டன. அந்தச் சண்டையில் ஒரு நல்லது நடந்தது: அதே ஆண்டு சீனா, மழைக்காலம் மட்டுமன்றி ஆண்டு முழுக்க நீர்மட்டத் தரவு தர ஒப்புக்கொண்டது. ஊடக அழுத்தம் பெய்ஜிங்கை அசைக்காது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்வேன். ஆனால் சீன அணையைக் கிழித்த தாய்லாந்து ஊடகம் தன் ஊர் வங்கிகளிடமும் அதே வேகத்தில் கேள்வி கேட்டதா? சில பேர் கேட்டார்கள். முதல் பக்கங்களில் அந்தக் கேள்வி குறைவாகவே வந்தது.

சனி, போத்தென்

சீன எல்லையில் இருக்கும் லாவோ ஊர். கடைப் பலகை எல்லாம் சீனம், நூடுல்ஸுக்கு யுவான் கேட்கிறார்கள், கடிகாரம் பெய்ஜிங் நேரம், லாவோஸைவிட ஒரு மணி நேரம் முன்னால். ஒரு காலத்தில் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வாழ்ந்த கிராமம். சூதாட்ட நகரம் கட்ட ஊர்க்காரர்களைத் தெற்கே நகர்த்தினார்கள். கடனாகிப்போன சீனச் சூதாடிகளை அடைத்துவைத்துப் பணம் கேட்கிறார்கள் என்று சீனாவிலேயே செய்தி வர, பெய்ஜிங்கின் அழுத்தத்தில் 2011இல் சூதாட்டக் கூடம் மூடியது. கட்டியதும் சீன முதலாளி, மூடவைத்ததும் சீன அரசு. வெளியூர்ச் செய்திகளில் இந்த இரண்டும் ‘சீனா’ என்ற ஒரே ஆளாகிவிடுகின்றன. இப்போது வேறொரு யுன்னான் நிறுவனம் உயர உயரமாகக் கட்டடம் எழுப்பியிருக்கிறது; பல மாடிகளில் ஜன்னலில் திரைகூட இல்லை. எனக்கு ஊர் பிடிக்கவில்லை. ஒரு இரவுக்கு மேல் தங்க மனமில்லை.

ஞாயிறு, ஆர்3ஏ சாலை

தாய்லாந்து எல்லையில் இருக்கும் லாவோ ஊரான ஹுவாய் சாய் வரை வேன். சீனா, தாய்லாந்து, ஆசிய வளர்ச்சி வங்கி மூன்றும் பங்கு போட்டு 2008இல் முடித்த சாலை. வழியெல்லாம் வாழைத் தோட்டம் பார்த்தேன். சீன நிறுவனங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வைத்தவை ஏராளம் இருந்தன. மருந்து அடித்துத் தொழிலாளர்கள் நோயில் விழ, ஓடை மீன் செத்துப்போக, 2016 வாக்கில் லாவோ அரசு புதிய தோட்டங்களுக்குத் தடை போட்டது. அந்தச் செய்தி அரசுப் பத்திரிகையிலும் வந்தது. அங்கே எல்லாக் கதவும் எப்போதும் மூடியிருப்பதில்லை.

திங்கள், சியாங் கோங்

நான்காவது நட்புப் பாலத்தில் மறுபடி தாய்லாந்து. தாய்லாந்தும் சீனாவும் பாதிப் பாதி செலவு போட்டு 2013 டிசம்பரில் திறந்த பாலம்.

இந்தச் சின்ன ஊருக்கு வந்ததே ஒரு போராட்டத்துக்காக. யுன்னானிலிருந்து லுவாங் பிரபாங் வரை 500 டன் சரக்குக் கப்பல் போக, மேகாங்கின் பாறைகளையும் துள்ளோட்டங்களையும் வெடிவைத்துத் தகர்க்கும் திட்டம் ஒன்று இருந்தது. 2017இல் சீன நிறுவனம் அளவெடுக்க வந்தது. நிவாட் ரோய்க்கேவ் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியரும் ஊர்க்காரர்களும் எதிர்த்தார்கள். மீன் முட்டையிடும் இடங்களை ஊர்க்காரர்களே ஆய்வு செய்து எழுதினார்கள், நிருபர்களைப் படகில் ஏற்றிப் பாறைகளைக் காட்டினார்கள், சீன நிறுவன அதிகாரிகளோடு நேரில் உட்கார்ந்து பேசினார்கள். 2020 பிப்ரவரியில் தாய்லாந்து அமைச்சரவை திட்டத்தைக் கைவிட்டது. 2022இல் நிவாட்டுக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. தாய்லாந்தில் அப்போது நடந்தது ராணுவத் தளபதியாக இருந்தவரின் ஆட்சி, சீனாவோடு நல்ல உறவில் இருந்த ஆட்சி. ஆனாலும் ஊர்க்காரர் பேச்சு செய்தித்தாளுக்குப் போக வழி இருந்தது. ஆற்றின் எதிர்க்கரையில் அதே மீனைப் பிடிக்கிற லாவோ மீனவருக்கு அந்த வழி கிடையாது.

இன்று மதியம் படித்துறையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், தாய்லாந்து மொழி தெரிந்த விடுதிப் பையன் உதவியோடு பேசினேன். அமெரிக்கா, சீனா என்று நான் ஆரம்பித்ததில் அவருக்கு ஆர்வமில்லை. 2021 ஜனவரியில் மின்தடப் பராமரிப்புக்காக யுன்னானின் ஜிங்ஹொங் அணையில் தண்ணீரைக் குறைத்தார்கள். ஆறு இறங்கத் தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் கீழ்நாடுகளுக்கு அறிவிப்பு வந்தது. அதை நான் சொன்னதும் பெரியவர் நிமிர்ந்தார். அணை வேண்டாம் என்று சொல்லும் காலம் போய்விட்டது, தம்பி, என்றார். திறப்பதற்கும் மூடுவதற்கும் மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும், படகை மேலே கட்டிக்கொள்வேன், வலையை எடுத்துவிடுவேன். செய்தி பாங்காக்குக்குப் போய், அங்கிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு வந்து, தாளில் அச்சாகி ஒட்டுவதற்குள் வலை போய்விடுகிறது. நேராக இந்தப் படித்துறைக்குச் சொல்லட்டும் என்றார்.